பிள்ளைமார் தெருவில் கந்தக வாடை

சொர்ணாம்பாள் பிறந்தது ஆழ்வார்குறிச்சியில். திருநெல்வேலி டவுனில் அம்மையப்ப பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இரண்டாம் வருஷமே, சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியாரிடமிருந்து படம் பிடிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து நடுக்கூடத்தில் வைத்தார். கொஞ்ச நாளில் கச்சேரி வேலையையும் விட்டுவிட்டார். மாமனார் வெகுகாலம் மகனிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. சொர்ணாம்பாளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கச்சேரிக்குப் போன காலத்தில் உம்மென்று வீடு திரும்புகிற மனிதர், இப்போது வாசலில் கால் வைக்கும்போதே, "ஏளா சொர்ணம், இத வந்து பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மச்சின் வடக்குப் பக்கத்து ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி பதித்து, அதையே படம் பிடிக்கும் இடமாக்கினார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலாம் வருஷம். அப்போது கிடைத்ததெல்லாம் வெயிலில் அச்சாகும் காகிதம்தான். பெட்டியில் படம் பதிந்த கண்ணாடித் தகட்டோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தால் படம் தானாக எழும்பி வரும். வந்தது செங்கல் நிறத்தில் இருக்கும். அதைத் தங்கம் கரைத்த நீரில் முக்கினால் சிவப்பு மெல்ல மாறிப் பாக்கு நிறமாகும், அதற்கும் மேல் போனால் கருநீலம். எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பதுதான் தொழிலே.

முதல் பெரிய வேலை சேரன்மகாதேவியிலிருந்து வந்தது. ஒரு பண்ணையார் வீட்டுக் குடும்பப் படம். அம்மையப்ப பிள்ளையே தங்கநீரில் முக்கி, அலசி, அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். பண்ணையார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளைவாள், இது என்னவே? வீட்டோட எல்லாரும் பாம்பு கடிச்ச மாதிரில்லா இருக்கோம்!"

அம்மையப்ப பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்றார் மெய்யாகவே.

கதவுக்குப் பின்னால் நின்ற சொர்ணாம்பாள் எட்டிப் பார்த்தாள். படத்தில் எல்லாருக்கும் நீலம் பாரித்துக் கிடந்தது. பண்ணையார் போன பிறகு அவள் அடுப்படிக்குப் போய், ஒரு கையில் பச்சை மிளகாயும் மறுகையில் பழுத்த மிளகாயுமாக வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல எது பழம்?"

அவர் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "கடிச்சுப் பாத்துச் சொல்லட்டுமா?" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான், அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றே என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப நீங்க பிடிங்க, நான் முக்குதேன்" என்றாள்.

அன்றிலிருந்து பின்கட்டில், கிணற்றடியை ஒட்டிய தாழ்வாரம் அவளுடையதாயிற்று. பீங்கான் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள். பாகு பதம் பார்க்கிற கண் அவளுக்கு. படத்தை இரண்டு விரலால் ஆட்டிக்கொண்டே இருந்து, சரியான இடத்தில் சட்டென்று எடுத்துத் தண்ணீரில் போடுவாள். சேரன்மகாதேவிப் படங்களை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தபோது பண்ணையார் வாயைத் திறக்காமல் வாங்கிப் போனார். அடுத்த மாதம் சம்பந்தி வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஏழெட்டு வருஷம் இப்படியே நன்றாக ஓடியது. பிள்ளை இல்லையே என்று உறவில் சிலர் பேசினார்கள். அவளுக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்த நினைப்பு வரும். மறுநாள் காலையில் தட்டில் யாராவது ஒரு குழந்தை மிதந்து சிரிக்கும். அதை ஆட்டிக்கொண்டிருக்கையில் மனசு லேசாகிவிடும்.

பிறகு புரோமைடுக் காகிதம் வந்தது. அதில் சின்னத் தகட்டிலிருந்தே முழ அகலத்துக்குப் படத்தைப் பெரிதாக்கலாம். எல்லாருக்கும் பெரிய படம் வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் அது கரியும் சாம்பலுமான நிறம். அதைப் பழுப்பாக்க வேண்டுமானால், முதலில் ஒரு மஞ்சள் மருந்தில் போட வேண்டும். படம் வெளுத்து இருந்த இடம் தெரியாமல் போகும். அப்புறம் கந்தக மருந்தில் போட்டால் பழுப்பாகத் திரும்பி வரும். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, வாடையைத் தவிர. அழுகின முட்டை வாடை.

பிள்ளைமார் தெரு சுத்த சைவம். வெங்காயத்தையே விரத நாளில் தெருவுக்குள் விடாத வீடுகள். முதல் தடவை கந்தகத் தட்டைத் திறந்த மத்தியானம், அடுத்த வீட்டு வடிவம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வடிவம்மாள் அந்தத் தெருவின் பாதி அதிகாரம். புருஷன் நமச்சிவாயம் பிள்ளை தவறிப் போய் மூன்று வருஷம்; அவர் இருந்தபோதும் தெரு விவகாரங்களை அவள்தான் தீர்த்து வைத்தாள்.

"ஏளா சொர்ணம்! என்னத்தளா வேக வைக்கே? சாமி புறப்படுத தெருவுல முட்டையா?"

"முட்டை இல்ல மதினி, மருந்து."

"மருந்துன்னா மூக்குக்குத் தெரியாதாக்கும்?"

சாயங்காலம் தெருவில் நாலு பேர் கூடி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூத்தவரான சங்கரசுப்பிரமணிய பிள்ளை முன்னால் நின்றார். அம்மையப்ப பிள்ளை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வணக்கமாக நின்றார்.

"அம்மையப்பா, நீ என்ன படம்னாலும் பிடி. தெருவுல முட்டை வாடை வரக்கூடாது. அம்புட்டுத்தான்."

"சரிங்க அண்ணாச்சி. அது முட்டை வாடைதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் சும்மாதான் கேட்டார். சங்கரசுப்பிரமணிய பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்து, பின்னால் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்து, "அது... கேள்விதான்" என்று மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் சொர்ணாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆனாலும் பேச்சு பேச்சுதான். கந்தகத் தட்டு அன்றோடு நின்றது. பெரிய படம் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர், இந்தக் கரி நிறம் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள்.

அவர்களுக்குக் காகிதமும் மருந்தும் கொண்டுவந்து கொடுப்பவர் மேலப்பாளையத்து அகமது மீரான். கொழும்புக்குப் போய்வருகிற வியாபாரி. நடந்ததைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அடுத்த முறை கொழும்பிலிருந்து வரும்போது ஒரு சின்னச் சீசாவும் ஒரு கட்டுக் காகிதமும் கொண்டுவந்தார்.

"பிள்ளைவாள், இது ஜெர்மனிச் சரக்கு. செலினியம்னு பேரு. முட்டை வாடை வராதாம். இந்தப் பேப்பரும் புதுசு, விளக்கு வெளிச்சத்துலயே அச்சு எடுத்துக்கிடலாம். ஆனா பெருசாக்க முடியாது, தகடு எம்புட்டோ அம்புட்டுத்தான் படம். கைய மட்டும் சீசாக்குள்ள விட்டுறப்படாது. விசம்."

சொர்ணாம்பாள் சாப்பாட்டுப் பாத்திரம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மூங்கில் சிம்பு இரண்டைச் சீவி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்தில் சுருக்கென்று ஒரு காரம் மூக்கில் ஏறியது. சாணிப்பால் தெளித்த தொழுவத்து வாடை மாதிரி. தெருவில் யாரும் அதற்குச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

முதலில் பழகின வெயில் காகிதத்தை முக்கினாள். வெள்ளையான இடமெல்லாம் கறை ஏறி, படம் சேறாகிவிட்டது. அடுத்து விளக்குக் காகிதம். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு கறுப்புக்குள் ஏதோ அசைகிற மாதிரி, நிழல்களில் ஒரு வெதுவெதுப்பு ஏறிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுக் கருப்பட்டியை உடைத்த இடம்போல் நிறம் வந்து நின்றது. அவளுக்குக் கையே ஓடவில்லை. சட்டென்று சுதாரித்து எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"வந்திருக்கா?" என்று கேட்டார் அம்மையப்ப பிள்ளை.

"வந்திருக்கு."

"எப்படி?"

"ஈரக் கருப்பட்டி."

அவர் கண்ணை மூடி அதை நினைத்துப் பார்த்து, "பேஷ்" என்றார்.

கடைசியாகப் புரோமைடு. அது மட்டும் கல்லாகக் கிடந்தது. எத்தனை நேரம் ஆட்டினாலும் அதே கரி நிறம். இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறதோ என்று சந்தேகம், அவ்வளவுதான். அதை அலசிக் காயவைத்து, அடையாளத்துக்கு முதுகில் ஒரு கரிக்கோடு போட்டு, வீணான படங்களோடு சேர்த்துப் போட்டாள்.

எப்படியானாலும் சின்னப் படங்களுக்கு வழி பிறந்துவிட்டது. கருப்பட்டி நிறப் படம் என்று நாங்குநேரி வரைக்கும் பேச்சுப் போயிற்று. மாப்பிள்ளை பார்க்கப் பெண் படம் அனுப்புகிறவர்கள் முதல் வக்கீல்கள் வரை வந்தார்கள்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில், யாரும் எதிர்பாராத ஆள் பின்வாசல் வழியாக வந்தது. வடிவம்மாள். கையில் துணியில் சுற்றிய ஒரு படம். கிணற்றுத் துவைகல்லில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து நீட்டினாள்.

நமச்சிவாயம் பிள்ளையின் படம். அம்மையப்ப பிள்ளை தொழில் தொடங்கின புதிதில் எடுத்தது. வெளிறி மஞ்சளாகி, முகத்தில் இரண்டு கண்ணும் மீசையும்தான் மிஞ்சியிருந்தன.

"கொஞ்சங் கொஞ்சமாப் போய்க்கிட்டே இருக்காக" என்றாள் வடிவம்மாள். குரலில் அதிகாரம் இல்லை. "அடுத்த மாசித் திவசம் வாரதுக்குள்ள முழுக்கப் போயிருவாகளோன்னு இருக்கு. பெருசா ஒண்ணு போட்டுத் தருவியா?"

சொர்ணாம்பாளுக்கு ஒரு கணம், தெருவே வாசலில் நின்ற அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வந்த மாதிரியே போய்விட்டது. "தகடு மச்சுல இருக்கும் மதினி. தேடுதோம். நீங்க வருத்தப்படாதிய" என்றாள்.

அம்மையப்ப பிள்ளை பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்துத் தகட்டை எடுத்தார். ஒரு ஓரத்தில் கீறலைத் தவிரப் பழுதில்லை. புரோமைடில் பெரிதாக்கி நாலைந்து படம் போட்டார்கள். வடிவம்மாள் பார்த்தாள்.

"கரியப் பூசி வச்ச மாதிரி இருக்கு. அவுக நல்ல மாநிறம்லா?"

தாழ்வாரச் சுவரில், அன்று ஒருநாள் கந்தகத்தில் போட்ட படம் ஒன்று தொங்கியது. முகமெல்லாம் உயிருள்ள பழுப்பு. அவள் விரல் அதை நோக்கி நீண்டது. "இந்த மாதிரி."

சொர்ணாம்பாள் தயங்கினாள். "அது... அந்த மருந்துல போட்டது மதினி. வாடை வரும்."

வடிவம்மாள் எழுந்து, "வந்தா வரட்டும். தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ போடு" என்றாள்.

மறுநாள் ஒரு படத்தை மஞ்சள் மருந்தில் வெளுக்கவைத்து, கந்தகத்தில் திரும்ப எடுத்தாள். முகம் நன்றாகவே வந்தது. வடிவம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் குனிந்து பார்த்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"ஏளா, அவுக தலைமயிரு செம்பட்டையா?"

சொர்ணாம்பாளும் பார்த்தாள். உண்மைதான். முகத்தோடு சேர்ந்து தலைமுடியும் மீசையும் கறுப்புக் கோட்டும் எல்லாமே பழுப்பாகியிருந்தன. சுவரில் ஒன்று இத்தனை நாள் தொங்கியும் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியம். படத்தில் இருந்தவர்களின் முடியை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"சீவிச் சீவி எண்ணெ தேச்சு வச்ச முடி. எம்புட்டுக் கறுப்பு தெரியுமா? வேலைக்குப் போறப்ப என்னயக் கூப்பிட்டுத்தான் வகிடு சரியா இருக்கான்னு கேப்பாக" என்றாள் வடிவம்மாள். மறுபடி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

முகம் பழுப்பாக வேண்டும், முடி கறுப்பாகவே நிற்க வேண்டும். இரண்டும் ஒரே காகிதத்தில். அது நடக்காது என்று சொல்லத்தான் சொர்ணாம்பாள் வாயெடுத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்று அனுப்பிவைத்தாள்.

அன்று மத்தியானம் அந்த மஞ்சள் வெளுப்பு மருந்து தட்டில் பாக்கி இருந்தது. கொட்டுவதற்கு முன் எதையாவது போட்டுப் பார்ப்போம் என்று, வீணான படங்களின் கட்டிலிருந்து கைக்கு வந்த ஒன்றை உருவிப் போட்டாள். யாரோ ஒரு ராவுத்தரின் படம். தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முகம் வெளுத்தது. சட்டை வெளுத்தது. ஆனால் தாடியும் தொப்பியின் கரையும் மட்டும் அசையவில்லை. கறுப்பு கறுப்பாகவே நின்றது. மருந்து செத்துவிட்டதோ என்று வேறு ஒரு படத்தைப் போட்டாள். அது தலைமுதல் கால்வரை வெளுத்துப் போயிற்று.

ராவுத்தர் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் அவளே கரிக்கோடு போட்டிருந்தாள். போன வருஷம் அந்த ஜெர்மனிச் சீசா மருந்தில் முக்கி, ஒன்றும் மாறவில்லை என்று ஒதுக்கிப் போட்ட புரோமைடு.

"இங்க வாங்க! பைய வாங்க, தட்டத் தட்டிவிட்டுறாதிய!" என்று கத்தினாள். அம்மையப்ப பிள்ளை சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார்.

"மாறல மாறலன்னு நாம ரெண்டு பேரும் சொன்னோம்லா? மாறியிருக்கு. வெளிய தெரியல, அம்புட்டுத்தான். கறுப்பு இருக்க இடத்துலெல்லாம் அந்த மருந்து உள்ள போய் இறுகிக்கிட்டு நிக்கி. வெளுப்பு மருந்தால அதத் தொட முடியல பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிறம் தெரியாத கண்ணானாலும் கறுப்பும் வெள்ளையும் அவரை விட யாருக்குத் தெரியும்? வெளுத்த முகத்துக்குக் கீழே தாடி மட்டும் தனியாக மிதந்தது. "அடி சக்கை!" என்றார். பிறகு அவள் படத்தைக் கந்தகத்தில் போட்டாள். ராவுத்தருக்கு முகம் திரும்பி வந்தது, கறுத்த தாடிக்கு மேல் வெயில் பட்ட முகம்.

மறுநாள் காலை நமச்சிவாயம் பிள்ளையின் படத்தை எடுத்தார்கள். முதலில் செலினியத்தில் கிடத்தினாள். அளவு தெரியாததால் ஒன்று வீணாயிற்று. அதிகநேரம் விட்டதில் முகத்தையும் மருந்து பிடித்துக்கொண்டது, வெளுக்கவே இல்லை. இரண்டாவதைச் சீக்கிரம் எடுத்து நன்றாக அலசினாள். மஞ்சள் மருந்தில் முகம் கரைந்து போனது. முடியும் மீசையும் கோட்டும் நின்றன. வடிவம்மாளுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கந்தகத் தட்டைத் திறந்தாள்.

வாடை முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. சங்கரசுப்பிரமணிய பிள்ளை வாசலில் வந்து நின்று செருமினார். வடிவம்மாள்தான் எழுந்து போனாள். பேச்சு உள்ளே கேட்டது.

"என்ன வடிவு, மறுபடியும் முட்டை—"

"முட்டையுமில்ல கிட்டையுமில்ல அண்ணாச்சி. உள்ள எங்க வீட்டு ஐயா வந்துக்கிட்டிருக்காக. செத்த நேரம் பொறுத்துக்கிடுங்க."

செருப்புச் சத்தம் மெல்ல விலகிப் போயிற்று.

அவள் திரும்பி வந்து துவைகல்லில் உட்கார்ந்தாள். தட்டில் நெற்றி முதலில் வந்தது, அப்புறம் மூக்கு, கன்னம். கருப்பட்டியும் இல்லை, கரியும் இல்லை. வயலுக்குப் போய்த் திரும்பின ஒரு மனிதனின் நிறம். மேலே எண்ணெய் மின்னுகிற கறுப்பு முடி. வகிடு நேராக இருந்தது. சொர்ணாம்பாள் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கி நிமிர்த்தினாள்.

வடிவம்மாள் எழுந்து நின்றாள். புருஷன் வீட்டுக்குள் நுழையும்போது எழுந்து நிற்பது போலவே, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு. நின்றது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ. பிறகு, "ஏளா, இம்புட்டு நேரம் தண்ணியிலயா நிக்க வைப்பே? ஜலதோசம் பிடிக்கப் போவுது" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு தெருவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. ஏற்பாடு செய்தது வடிவம்மாள்தான். விசேஷ நாளில் கிடையாது, பிரதோஷத்தன்று கிடையாது; காற்று ஆற்றுப் பக்கம் போகிற நாளில் சொர்ணாம்பாள் கந்தகத் தட்டைத் திறந்துகொள்ளலாம். முதல் மாதமே சங்கரசுப்பிரமணிய பிள்ளை தன் காலஞ்சென்ற அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "மீசை மட்டும் கறுப்பா நிக்கணும் தாயி" என்று கேட்டுக்கொண்டார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மீசை நரைத்துவிட்டது என்பது தெரு முழுக்கத் தெரியும். சொர்ணாம்பாளும் கறுப்பாகவே போட்டுக் கொடுத்தாள்.

யுத்தம் வந்ததும் ஜெர்மனிச் சரக்கு நின்றது. அகமது மீரான் கொழும்புக் கடைகளில் துழாவி, தூசி படிந்த சீசாக்கள் சிலவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். அவள் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தாள். பெரிய படங்களுக்கு மட்டும், அதிலும் ஆளைப் பார்த்து. வேண்டாதவர்களுக்குச் செம்பட்டையோடே போயிற்று.

அம்மையப்ப பிள்ளைக்குப் பாளையங்கோட்டையில் பெரிய இடமாகப் பிடித்துப் போய்விட வேண்டும் என்று ஆசை இருந்தது. இரண்டொரு இடம் போய்ப் பார்த்தும் வந்தார்கள். ஒன்றில் கிணறு உப்பு. இன்னொன்றில் கிணறே இல்லை. "இந்தத் தண்ணிய விட்டுட்டு நான் எங்க போயி அலசுவேன்?" என்று சொர்ணாம்பாள் சொல்லிவிட்டாள். அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், சென்னையிலிருந்து தபாலில் ஒரு கட்டு வந்தது. புதுவிதக் காகிதம், வெள்ளையாக இல்லாமல் காய்ச்சின பால் நிறத்தில், கையில் தடவினால் சொரசொரப்பாக. அம்மையப்ப பிள்ளை அச்சிட்ட முதல் படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். வடிவம்மாள் வெற்றிலைத் தட்டோடு பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தாள்.

"இதுல என்ன நிறம்ளா வரும்?" என்றாள்.

"தெரியாது மதினி" என்றாள் சொர்ணாம்பாள். மூங்கில் சிம்பால் படத்தின் ஓரத்தைப் பிடித்து மருந்தில் இறக்கினாள். "பாப்போம்."